புதன்கிழமை இரண்டு மணிக்குப் பூட்டும் பல் கிளினிக்

போன மாதம் ஒரு புதன்கிழமை, என் கடைவாய்ப் பல்லுக்குள் ஒரகடம் தொழிற்பேட்டை மொத்தமும் புகுந்து மூன்று ஷிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் இந்தப் பயணம். குன்றத்தூரிலிருந்து பென்னலூருக்கு பைக்கில் இருபத்திரண்டு கிலோமீட்டர். 11.10க்குக் கிளம்பி 12.05க்குச் சேர்ந்தேன். அதில் கால் மணி நேரம் கன்டெய்னர் லாரியின் முதுகைத் தரிசித்தது.

டாக்டர் மலர்விழி பக்கத்து ஊர்க் காலனியில் பிறந்தவர். (ஊர்ப் பெயர் வேண்டாம், என் மச்சான் அங்கேதான் இருக்கிறான்.) முதல் சிட்டிங் எண்ணூறு ரூபாய். ஊசியைப் பார்த்ததுமே நான் போட்ட அலறல் பெங்களூரு வரை கேட்டிருக்கும். ஊசி போட்டதும் பாதி முகம் எனக்குச் சொந்தமில்லாமல் போனது.

அன்று மூன்று மணிக்குத் தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை. காலனியில் யார் செத்தாலும் ஊர்த் தெரு வழியே தூக்கிப் போகக்கூடாது, ஏரிக்கரையைச் சுற்ற வேண்டும். ரோபோக்கள் கார் செய்கிற இடத்துக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி இந்த வழக்கம். போன மழையில் டாக்டரின் அப்பாவைச் சுமந்தவர்கள் சேற்றில் வழுக்கி, பாடை தண்ணீரில் விழுந்தது. அதன்பிறகு மனு எழுதியவர் டாக்டர். கையெழுத்துப் போட்ட முப்பது பேரும் நேரில் வரவேண்டும், வராவிட்டால் மனு தள்ளுபடி.

ஒன்றரை மணிக்குக் காலனிக்கார ஏழுமலை கம்பெனிச் சட்டையோடு வந்து நின்றார். முப்பது பேருக்கும் இன்று கட்டாய ஓ.டி.யாம். போட்டவர் ஊர்த் தெருக் கான்ட்ராக்டர். கம்பெனி லைனுக்கு ஆள் எடுப்பதும் அவரே.

"ஓ.டி.க்குப் போவலன்னா நாளைக்கு கேட்டுக்குள்ள வுட மாட்டான் டாக்டரம்மா. நீங்க போங்க. உங்களுக்கு இன்னா, உங்க சோறு அவன் கைல இல்ல."

"செத்தா எனக்கும் அதே ஏரிக்கரைதான் ஏழுமலை," என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. பிறகு என் பக்கம் திரும்பினார். "அங்கிள், தாலுகா ஆபீசுக்கு வாங்க. நீங்க பேச வேணாம். பக்கத்துல சும்மா உக்காந்தா போதும்."

கல்யாண வீட்டில் உட்கார்ந்தால் மூன்று அரசாங்கத்தைக் கவிழ்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் நான். மச்சானின் மூன்று லாரியும் அந்தக் கான்ட்ராக்டரிடம்தான் ஓடுகிறது. மரத்துப்போன கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். பேசத் தேவையில்லை என்றவரிடம், பேச முடியாது என்று காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு ஷட்டரை இழுத்தார்.

திரும்பும் வழியில் தண்டலம் வருமுன்பே மரப்பு போய்விட்டது.

அடுத்த வாரம் என்ன ஆச்சு என்று கேட்டேன். மனு தள்ளுபடி, புதிதாக எழுதிக்கொடுத்துவிட்டுப் புதன்தோறும் போய் உட்காருகிறாராம்.

போக நினைப்பவர்களுக்கு: கை நல்ல கை, வலிக்காது. புதனன்று இரண்டு மணிக்கு மேல் போகாதீர்கள், தாலுகா ஆபீசில் இருப்பார். அங்கேயே போனாலும் போகலாம். வண்டி நிறுத்த இடம் உண்டு. அவர் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.