விருந்தாளிக்காக அணைத்த அடுப்பு

ஜார்ஜ்டவுனில் எங்கள் அடுக்குமாடியில் தனியாக வாழும் முதியவர்களுக்கு நாங்கள் சில பெண்கள் மதியச் சோறு சமைத்துக் கொடுக்கிறோம். கைக்காசு போதாமல் போனதால், உள்ளூர்ச் சேவைக் குழுக்களுக்கு மானியம் தரும் ஒரு சமூக அறவாரியத்திடம் உதவி கேட்டோம். அது கிடைக்காவிட்டால் சமையலையே நிறுத்த வேண்டிய நிலை.

நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். வருகிறவரைப் புகையிலும் ஈரத்திலுமா உட்கார வைப்பது? அன்று பெரியவர்களுக்குக் கடையில் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு, சமையலறையைக் கழுவித் துடைத்து, பலகாரம் வாங்கி வைத்தோம்.

வந்த பெண் பலகாரத்தைத் தொடவே இல்லை. பானைகளைத் திறந்து பார்த்தார். அடுப்பில் கை வைத்தார். இவர் எதைத் தேடுகிறார் என்று எனக்கு ஒரே சந்தேகம்.

“அக்கா, தினமும் சமைக்கிற இடம்னு சொன்னீங்க. அடுப்பு சில்லுன்னு இருக்கே?”

அவருக்குத்தான் எங்கள்மேல் சந்தேகம் என்று அப்போது புரிந்தது. புதியவர்களிடம் பேச எனக்குக் கூச்சம். தலையைக் குனிந்துகொண்டேன். அதனால் அவர் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்த நேரம், தினமும் எங்களிடம் சாப்பிடும் நான்காம் மாடி முத்தையா அண்ணன் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

“என்னம்மா, லீவு போட்டுட்டு கடைச் சோத்த தள்ளிவிட்டுட்டீங்க? ரசமா இது, வெந்நீர் லா! நாளைக்கு உங்க சமையல்தானே?”

அதிகாரி சிரித்துவிட்டார். “நாளைக்கு நானும் வர்றேன் அண்ணே.”

மறுநாள் நாங்கள் சமைப்பதைப் பார்த்த பிறகே மானியம் கிடைத்தது. இப்போது யார் பார்க்க வந்தாலும் நான் அடுப்பை அணைப்பதில்லை. எனக்குப் பேச வராவிட்டால், கரண்டியை அவர் கையில் கொடுத்து உப்புப் பார்க்கச் சொல்லிவிடுகிறேன்.