ரசத்துக்கு ஏறிய முள்

பழைய பிக்கப் வண்டி வாங்கப் போன அன்று என் வீட்டுக்காரர் அதைச் சோதித்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். ஒரகடத்தில் கார் கம்பெனியில் தரம் பார்க்கிறவர் அல்லவா! கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றுவதுபோல வண்டியைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். இன்ஜினை ஓடவிட்டு, டேஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள்ளையே முறைத்தார். அது அடியில் படுத்தது படுத்தபடி கிடந்தது.

"எவ்ளோ நேரமா ஓடுது, முள்ளு அசையல பாரு. இன்ஜின் ஐஸ் மாதிரி கீது."

விற்றவர், கம்பெனியில் முன்பு அவரோடு ஒரே உற்பத்தி லைனில் நின்று வேலை பார்த்த கூட்டாளி. அவரும் ரொம்ப அடக்கமாகச் சிரித்தார்.

வண்டி என் தொழிலுக்கு. பென்னலூரில் ஒரு சின்ன கம்பெனிக்கு மதியச் சாப்பாடு கொடுக்க ஒரு வாரம் எனக்குச் சோதனையாக வாய்ப்புத் தந்திருந்தார்கள். சமையலும் நான், ஓட்டுவதும் நான். இரண்டாம் நாளே நடுரோட்டில் வண்டியின் முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"முள்ளு எங்க கீது?"

"அடியிலதான் கீது."

"அப்ப ஹீட் இல்ல."

"ஆவி வருதுங்க!"

"அது வேற ஏதாவது இருக்கும்."

ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, போய்ச் சேர்ந்தபோது பாதிப் பேர் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். "இன்னொரு வாட்டி லேட்டாச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்மா" என்றார் கேன்டீன் சூப்பர்வைசர்.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருவில் கார் கம்பெனிக்குப் போகாத ஆம்பளை கிடையாது. சாயங்காலம் எல்லோரும் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். கதவுக்கு ரப்பர் ஒட்டுகிறவர் கதவைத் திறந்து மூடி, "டோர் பக்கா" என்றார். பெயின்ட் அடிக்கிறவர் பெயின்டைத் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டார். இன்ஜின் பக்கம் ஒருவரும் குனியவில்லை. கேட்டால், "அது நம்ம லைன் இல்லக்கா." ஊருக்கெல்லாம் கார் செய்து அனுப்புகிற தெருவில் ஒரு காரை முழுசாகத் தெரிந்த ஆள் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் வீட்டுக்காரருக்கு விடுமுறை. கூட வந்து ஆராயப் போகிறாராம். பின்னால் இடமில்லாததால் கொதிக்கக் கொதிக்க இருந்த ரச அண்டாவை அவர் காலடியில், டேஷ்போர்டுக்கு அடியில் திணித்தேன். கொஞ்ச தூரம் போவதற்குள் முள் விறுவிறுவென்று ஏறியது. அதுவரை சத்தமே போடாத இன்ஜின் விசிறி ஓவென்று சுற்றத் தொடங்கியது.

"ஹீட் ஆவுது! நிறுத்து, நிறுத்து!"

"நேத்து ஆவி வந்தப்ப ஹீட் இல்லன்னீங்க. இன்னிக்கு ஆவியே இல்ல, ஹீட்டுன்றீங்க. கம்முனு வாங்க."

நான் நிறுத்தவில்லை. நேரத்துக்குப் போய்விட்டோம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரசத்தை இறக்கினார்கள். என் கண்ணெதிரே முள்ளும் மெல்ல இறங்கியது. அண்டா இருந்த இடத்தில் கையை விட்டுத் துழாவினேன். பித்தளைத் தலையோடு சூடு அளக்கிற சென்சார் ஒன்று, டேஷ்போர்டுக்கு உள்ளே ஒயரோடு கட்டப்பட்டிருந்தது.

மெக்கானிக் பார்த்த உடனே சொல்லிவிட்டார். ரேடியேட்டரில் அடைப்பு. வாங்குகிறவருக்குத் தெரியக்கூடாதென்று சென்சாரை இன்ஜினிலிருந்து கழற்றி, அந்த ஓட்டையை போல்ட்டால் அடைத்து, ஒயரை நீட்டி உள்ளே கட்டியிருக்கிறார்கள். இன்ஜின் வெந்தாலும் முள்ளுக்கும் தெரியாது, விசிறிக்கும் தெரியாது. அன்று ரசம் சுட்டதால் சுற்றியிருக்கிறது.

வீட்டுக்காரருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். அவர் அந்த ஒயரைக் கட்டியிருந்த விதத்தையே ரசித்துக்கொண்டிருந்தார். "எவ்ளோ நீட்டா கட்டிக்கிறான் பாத்தியா? ஒயர் வெட்டுன முனை கூட கையில குத்தல." பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்கயே இருக்கட்டுமே. நாளைக்கு நாம விக்கணும்னா?" என்றார்.

"இது சோறு எடுத்துக்கினு போறதுக்கு வாங்கனது. நீங்க இன்ஜின்லயே மாட்டுங்கண்ணா" என்றேன் மெக்கானிக்கிடம்.

சாப்பாட்டு ஆர்டர் எனக்கே கிடைத்தது. ரேடியேட்டர் மாற்ற இன்னும் காசு சேரவில்லை. சீக்கிரமே கிளம்பி, முள் ஏறினால் ஓரங்கட்டி, ஆறவிட்டுப் போகிறேன். ஒரு நாளும் தாமதமில்லை. போன வாரம் வீட்டுக்காரர் கூட வந்தார். வழியில் முள் ஏறியது, நிறுத்தினேன். அவர் டேஷ்போர்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்:

"வாங்கனப்ப எவ்ளோ நல்லா இருந்துது. இப்ப இந்த முள்ளு கெட்டுப் போச்சு."