மாந்தோப்புக் கதையில் வந்த பெண்

அந்தப் பெண் கடைசியில் என்ன ஆனாள் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் மராத்தி படிக்கக் கற்றுக்கொண்டேன். புனேக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் காய்கறிக்காரரிடம் விரலை நீட்டியே காலம் தள்ளியவள் நான். ஆபீசில் ஆங்கிலம், ஆட்டோவில் அரைகுறை இந்தி, வீட்டில் மதுரைத் தமிழ். இதற்கு மேல் ஒரு மொழிக்கு என் மண்டையில் இடமில்லை என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தத் திமிர் ஒரு கதைப் பெண்ணால் அடங்கியது.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புனேயின் பாணேர் பகுதியில் ஒரு நண்பர் வீட்டில் கூடுவோம். அவர் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வானவடியிலிருந்து ஒரு தம்பதி வருவார்கள். கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி படம் வரைவார். சாங்வியிலிருந்து நானும், பக்கத்துத் தெருவில் குடியிருந்த என் சிநேகிதியும் என் ஸ்கூட்டரில் போவோம். ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும். புத்தகமோ பாட்டோ ஓவியமோ சினிமாவோ, எதுவானாலும் சரி, கொண்டுவருபவரை ஒரு உலுக்கு உலுக்கியிருக்க வேண்டும். மற்றவர்கள் அதைப் படித்தோ கேட்டோ பார்த்தோ அடுத்த தடவை வந்து சண்டை போட வேண்டும். முடிவை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அபராதம், எல்லாருக்கும் வடாபாவ். ராணுவக்காரருக்கு வாய் நிற்காது. அவர் புண்ணியத்தில் நிறையத் தின்றிருக்கிறோம்.

என் சிநேகிதிக்கு மட்டும் இந்த விதி கிடையாது. அவள் இங்கேயே, புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்தவள், அப்பா அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பேசுவது வேலூர்ப் பக்கத்துத் தமிழ். நடுவில் இந்தி நுழையும், மூச்சு விடுவதற்குள் மராத்திக்குத் தாவிவிடுவாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நாங்கள் கேலி செய்தால், முதலில் நீங்கள் மராத்தி படியுங்கள், பிறகு பேசலாம் என்று வாயை அடைத்துவிடுவாள். உண்மைதான். அவள் கொண்டுவரும் மராத்திப் புத்தகங்களை எங்களில் ஒருவராலும் படிக்க முடியாது. அதனால் கதையை முழுசாகவே அவள் சொல்லலாம் என்று விட்டுவிட்டோம். மாசம் ஒரு தவணையாகச் சொல்வாள். மடியில் புத்தகம் திறந்திருக்கும், கண் அதில் இருக்காது, எங்கள் முகத்தில் இருக்கும்.

கடைசியாக அவள் கொண்டுவந்தது ஒரு தடித்த நாவல். கொங்கண் பக்கத்துக் கிராமம், ஒரு மாந்தோப்பு, அதற்காக அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி. எனக்கென்றால் ஆரம்பத்தில் கொட்டாவிதான் வந்தது. சொத்துத் தகராறு கேட்கவா பாணேர் டிராபிக்கில் செத்து வந்தேன் என்று அவளிடமே சொன்னேன். பொறு க்கா, இனிமேல்தான் இருக்கிறது என்றாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தாள். தம்பியின் மனைவி. புனேயில் குடியிருக்கிறவள்.

"மார்க்கெட் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறுவா. செவ்வாக்கெழமைன்னா கரெக்டா. ஒரு பெரிய கேட்டாண்ட எறங்குவா. உள்ள ஒரு ஆலமரம். ஜனங்க பையும் டப்பாவுமா போறாங்க, வர்றாங்க. இவ உள்ள போவ மாட்டா. கேட்டாண்டயே நின்னு ஒரு கரும்பு ஜூஸ் குடிப்பா. திரும்பி வந்து சோறாக்குவா. அவ்ளோதான்."

அவ்வளவுதான். ஆனால் எங்களுக்கு அந்தப் பெண்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. மாந்தோப்பை யார் கேட்டார்கள்? அடுத்த தவணையில் அவள் கேட்டைத் தாண்டி ஆலமரம் வரை போய்த் திரும்பினாள். நாங்கள் கைதட்டாத குறை. அது என்ன இடம் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். பழைய காதலன் வேலை பார்க்கும் ஆபீஸ் என்றார் பாணேர்க்காரர். ஜெயில் என்றார் ராணுவக்காரர். கோர்ட்டு, விவாகரத்துக் கேஸ், வக்கீலைப் பார்க்கத் தைரியம் வராமல்தான் திரும்பி வருகிறாள் என்று நான் அடித்துப் பேசினேன். ஓவியர் அந்தப் பெண்ணை வரைந்தே கொண்டுவந்துவிட்டார். கையில் பையுடன், முதுகைக் காட்டி நிற்கிற ஒரு பெண். என் சிநேகிதி அந்தப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அது என்ன இடம் என்று நாங்கள் குடைந்தபோது, எழுதினவர் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னாள்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. அன்றைக்கு அவள் கதையில் ஒரு வரிகூட நகரவில்லை. அதற்குப் பதிலாக எங்களைக் கேட்டாள். அதுவரை அவள் எங்களைக் கேட்டதே கிடையாது.

"அவ அங்க போறத யார்கிட்டயாச்சும் சொல்லிரலாமா? உங்களுக்கு இன்னா தோணுது?"

பாணேர்க்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த மாதிரிக் கேள்வி என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

"சொல்லவே கூடாதுங்க. சொன்னா அந்த நிமிஷமே கதை செத்துப்போயிருமுங்க."

ஓவியர் ஆமோதித்தார். முகத்தைத் திருப்பி வரைந்திருந்தால் அது வெறும் படமாகிவிடும், முதுகில்தான் எல்லாம் இருக்கிறது என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. வாயைத் திறந்தால் அவள் பத்தோடு பதினொன்றாகிவிடுவாள், அந்த மௌனம்தான் அவளைத் தூக்கி நிறுத்துகிறது என்று நீட்டி முழக்கினேன். அன்று நாங்கள் பேசிய மாதிரி அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டீக் ஹை, சரிதான்" என்று சொல்லிச் சிரித்தாள். தட்டில் மிச்சமிருந்த வெங்காய பஜ்ஜியை எடுத்துத் தின்றாள்.

அதற்குப் பிறகு அவள் இரண்டு மூன்று ஞாயிறு வரவில்லை. வீட்டில் விருந்தாளி, மாமியாருக்கு முட்டி வலி என்று ஏதாவது சொல்வாள். பிறகு ஒருநாள் அவள் கணவர் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். வயிற்றில் கட்டி, எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. இவ்வளவு வலியை எப்படி வெளியில் காட்டாமல் இருந்தார், ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால்கூட ஏதாவது செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். கணவருக்கும் ஒன்றும் தெரியாது, பாவம். அந்த மனுஷன் போனிலேயே குழந்தை மாதிரி அழுதார்.

பாணேர்க்காரரின் காரில் போய்ப் பார்ப்போம். கார் நிறுத்துமிடத்திலிருந்து லிப்ட் நேராக வார்டுக்கே போகும். ஒருநாள் நான் மட்டும் அவள் பக்கத்தில் இருந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று, அந்தப் பொம்பளை உள்ளே போனாளா இல்லையா, இன்றைக்காவது சொல் என்றேன்.

"போயிட்டா க்கா."

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். மீதியை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. சுடுகாட்டில் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. அழுத்தக்காரி, இத்தனை பேர் இருந்தோமே, ஒருத்தரிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா என்று மனசுக்குள் அவளைத் திட்டித் தீர்த்தேன்.

காரியம் எல்லாம் முடிந்தபின் அவள் கணவர் அந்த நாவலை என்னிடம் கொடுத்தார். நான் படிக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். கடைப் பலகை, பஸ் பலகை என்று எழுத்துக் கூட்டினேன். எங்கள் கட்டிடத்தில் கீழ்வீட்டு மராத்தி அம்மாளின் பேரப்பிள்ளைகளுடைய பாடப்புத்தகங்களை இரவல் வாங்கினேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே உச்சரிப்பைத் திருத்துவார். ஏழெட்டு மாசம் ஆனது. நாவலை வாசிக்கும்போது மராத்தி வரி என் காதில் தமிழாகத்தான் விழுந்தது, அதுவும் அவள் குரலில். மாந்தோப்பு வந்தது, அண்ணன் வந்தான், தம்பி வந்தான். அவள் சொன்ன அதே வசவுகள்கூட வந்தன. ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் இதோ பஸ்ஸிலிருந்து இறங்கப்போகிறாள் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். சாங்வி பஸ் நிறுத்தத்தில் பையோடு யாராவது முதுகைக் காட்டி நின்றால் ஸ்கூட்டரை மெதுவாக்கி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். பயமாகக்கூட இருந்தது.

புத்தகம் முடிந்துவிட்டது. அவள் வரவில்லை. என் மராத்தியின் லட்சணம் அப்படி என்று மறுபடி முதலிலிருந்து படித்தேன். பிறகு கீழ்வீட்டு அம்மாளிடம் கொடுத்துக் கேட்டேன். அவர் ஒரு வாரம் வைத்திருந்து படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நல்ல புத்தகம் என்றார். தம்பியின் மனைவியைப் பற்றிக் கேட்டதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தம்பிக்குக் கடைசிவரை கல்யாணமே ஆகவில்லையே, நீ எதைப் படித்தாய் என்றார்.

அப்படியென்றால் கேட்டருகே நின்ற அந்தப் பெண் யார் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, அவள் செத்துப்போன ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனேன். காரில் போகும்போதெல்லாம் பின்பக்க வாசலில் நுழைந்தவர்கள் நாங்கள். முன்வாசலை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெரிய இரும்புக் கேட்டு. உள்ளே ஆலமரம். பையும் டிபன் டப்பாவுமாக ஜனங்கள். கேட்டை ஒட்டி ஒரு கரும்பு ஜூஸ் வண்டி, மணி கட்டிய சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். பாவி, பாவி என்று முனகிக்கொண்டிருந்தேன். அவளையா என்னையா, தெரியவில்லை.

அவள் போய் ஒரு வருஷம் ஆன ஞாயிறு நெருங்கியது. பாணேர்க்காரர் போன் செய்தார். அவள் நினைவாக அன்றைக்கு யாரும் புதிதாக எதுவும் கொண்டுவர வேண்டாம், நீங்கள்தான் இப்போது மராத்தி படிக்கிறீர்களே, அந்தப் பெண் வருகிற அத்தியாயத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள் என்றார். இத்தனை வருஷத்தில் இந்தக் கூட்டத்துக்கு வந்ததிலேயே உசத்தியான பாத்திரம் அவள்தான் என்றும் சொன்னார். நல்ல மனுஷன். யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவர். சரி என்று போனை வைத்துவிட்டேன்.

என்ன செய்வது என்று அந்த வாரம் முழுக்க மனசு கிடந்து அல்லாடியது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நானாக ஒரு முடிவைச் சொல்லிவிடலாம். உள்ளே போனாள், மருந்து கொடுத்தார்கள், பிழைத்து வந்து சோறாக்கினாள். அங்கே யாருக்கு மராத்தி தெரியும், கண்டுபிடிக்க? சொன்னால் இவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். அவளும் அப்படித்தானே மடியில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைச் சொல்லிக்கொண்டு இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்கள். அவள் உட்காரும் இடத்தில் ஓவியர் தன் படத்தைச் சாய்த்து வைத்திருந்தார். ராணுவக்காரர் இன்றைக்கு முடிவைச் சொன்னால் அபராதம் இல்லை என்றார். சிரித்தார்கள். நான் புத்தகத்தைப் பிரித்தேன். எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்தேன். வாயைத் திறந்தால் பொய் வரவில்லை.

"அந்தப் பொம்பள இதுல இல்ல."

புரியாமல் பார்த்தார்கள். கீழ்வீட்டு அம்மாள் சொன்னதைச் சொன்னேன். தம்பிக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றேன். பிறகு முன்வாசல் கேட்டைச் சொன்னேன், ஆலமரத்தைச் சொன்னேன், கரும்பு ஜூஸ் வண்டியைச் சொன்னேன். ராணுவக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஓவியர் சாய்த்து வைத்த படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். பாணேர்க்காரர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சொல்லலாமான்னு நம்மகிட்டத்தானுங்களே கேட்டாங்க?"

ஆமாம். கேட்டாள். நாங்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பதில் சொன்னோம்.