நூற்றுத் தொண்ணூற்றாறு வரவில்லை

என் மனுசன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கு எழுதியவர். இங்கே சுவிஸில், எம்மன்புரூக்கேயில் ஒரு தொழிற்சாலையில் இரும்புத் தூசி கூட்டினார். எண் பைத்தியம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அந்தப் பைத்தியத்தை எங்கள் மகளுக்கும் ஒட்டவைத்திருந்தார். ஓர் எண்ணை எழுது, அதையே திருப்பி எழுதிக் கூட்டு. வருவதையும் அப்படியே செய். ஐம்பத்தேழும் எழுபத்தைந்தும் நூற்று முப்பத்திரண்டு. அதோடு இருநூற்று முப்பத்தொன்றைக் கூட்டினால் முந்நூற்று அறுபத்துமூன்று. எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றுதான். எல்லா எண்ணும் கடைசியில் இப்படி வரும் என்று அவளுக்குச் சொல்லிவைத்திருந்தார்.

எண்பதுகளின் நடுவில் அவளை யாழ்ப்பாணத்தில் என் அக்காவிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் வந்தோம். இங்கே தங்க பெர்மிட் கிடைத்ததும் அவளையும் கூப்பிடுவதாக எண்ணம். போகிறவர் வருகிறவரிடம் கசெற்றில் பேசி அனுப்பிக்கொள்வோம். ஒரு கசெற்றில் அவள் சொன்னாள்: "அப்பா, நூற்றுத் தொண்ணூற்றாறு வருகுதில்லை. கனநேரம் கூட்டிப் பாத்திட்டன். நீங்கள் செய்து பாத்துச் சொல்லுங்கோ."

அவ்வளவுதான், மனுசன் உட்கார்ந்துவிட்டார். விளம்பரத் தாள்களின் பின்பக்கமெல்லாம் கூட்டல். எண் நீண்டு தாளின் அகலத்தைத் தாண்டியதும் இரண்டு தாள்களை ஒட்டிக்கொண்டார். அது கணினிகளுக்கே பிடிபடாத எண் என்று பல வருடம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

தெரிந்த ஒருவர் கொழும்புக்குப் புறப்பட்டார். பதில் கசெற்றைக் கொடுத்துவிட வேண்டும்.

"இஞ்சாருங்கோ, எனக்கும் வரேல்லை எண்டு சொல்லி விடுங்கோவன். பிள்ளை பாத்துக்கொண்டிருக்கும்."

"எல்லாம் வரும் எண்டு நானெல்லோ சொன்னனான். அப்பா பொய் சொன்னவர் எண்டு நினைப்பாள். கொஞ்சம் பொறும்."

"விடை ஆருக்கு வேணும்? அவளுக்கு உங்கடை குரல் கேட்டால் காணும்."

அவர் கேட்கவில்லை. போனவரிடம் என் குரல் மட்டும் போனது.

அது அவள் கையில் சேர்வதற்குள் அக்கா வீட்டில் பீரங்கிச் செல் விழுந்தது. கொழும்பிலிருந்து என் தம்பி தொலைபேசியில் சொன்னான். மகள் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

அழுகைக்கு முன் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரு வார்த்தை பேசி அனுப்பியிருக்கலாமே, பாவி மனுசன். அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவே எனக்கு மனமில்லை.

துக்கம் விசாரிக்க வந்த சனம் எல்லாம் போன பிறகு, ஒரு பின்னேரம் அவர் ரேப் ரெக்கோடரை மேசையில் வைத்துப் புதுக் கசெற் போட்டார். பொத்தானை அமத்தினார்.

"பிள்ளை, அப்பாவுக்கும் வரேல்லையம்மா."

கசெற் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் அதை என் பக்கம் தள்ளினார்.

"நீரும் பிள்ளையோடை கதையும்."

நிறுத்தச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சாப்பிட்டனியோ பிள்ளை?" என்று கேட்டேன்.