பெரியம்மா தெரிவுசெய்த துவக்கு

எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் துவக்கு, அதாவது துப்பாக்கி, வாங்கியதில்லை. ஆகவே கூறைச்சேலை எடுக்கப் போவதுபோலத்தான் அதற்கும் போகவேண்டும் என்று நினைத்துவிட்டோம். எல்லோரும் முழுகி, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, அப்பாவின் பழைய காரில் நெருக்கியடித்து ஏறினோம். முன்னால் அப்பாவும் அம்மாவும், அம்மாவின் மடியில் தம்பி, பின்னால் நானும் பெரியம்மாவும். எண்பத்தாறாம் ஆண்டு, மரங்கள் நிறம் மாறத் தொடங்கியிருந்த காலம். எனக்குப் பத்து வயது. நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து ஏழு வருடங்கள் ஆகியிருந்தன.

நாள் பார்ப்பதிலேயே சிக்கல் வந்தது. சனிக்கிழமையில் இரும்பு வாங்கக்கூடாது என்றார் அம்மா. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒன்ராறியோ முழுவதும் கடைகள் பூட்டு. மற்ற நாட்களில் அப்பாவுக்கு வேலை. துவக்கில் பாதிக்குமேல் மரம்தான் என்று அப்பா ஒரு முழு இரவுச் சாப்பாட்டு நேரமும் வாதாடி, சனிக்கிழமைக்கு அனுமதி வாங்கினார். பொலிஸ்காரரிடம் அனுமதிப் பத்திரம் எடுப்பதற்குக்கூட அவர் இவ்வளவு கஷ்டப்படவில்லை.

அப்பா ஒஷாவாவில் காருக்குப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் வேட்டைக் கதைகள் பேசுவார்களாம். அப்பா மூலையில் இருந்து தன் புட்டைச் சாப்பிடுவார். ஒருநாள், தானும் ஏதாவது பேசவேண்டுமே என்று, ஊரில் வன்னிக் காட்டில் மரை வேட்டைக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அப்பா வன்னிக்குப் போனது உண்மை. அங்கே மரை இறைச்சி சாப்பிட்டதும் உண்மை. இடையில் நடந்ததைத்தான் அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட ஒருவர் சந்தோஷப்பட்டு, வரும் மாதம் வடக்கே மூஸ் வேட்டைக்கு எங்களோடு வா, துவக்கை மட்டும் கொண்டுவா என்று அழைத்துவிட்டார். மூஸ் என்பது எங்கள் மரையின் சாதிதான், ஆனால் மாட்டைவிடப் பெரியது. அதற்கு எந்தத் துவக்குச் சரிவரும் என்று அந்த மனிதரிடமே கேட்டிருக்கலாம். வேட்டைக்காரன் அப்படிக் கேட்பானா? மானம் போய்விடும். ஆகவே கடைக்காரரிடம் கேட்டு மொழிபெயர்த்துச் சொல்ல என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

பெரியம்மா வந்ததற்குக் காரணம் வேறு. அவரை வீட்டில் தனியே விட அம்மாவுக்குப் பயம். எங்கள் வீடு பன்னிரண்டாம் மாடியில் இருந்தது. பெரியம்மா வந்த நாள் முதல் அம்மா பல்கனிக் கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். தம்பி வெளியே போய்விடுவான் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார். நானும் நம்பினேன்.

பெரியம்மா அம்மாவின் மூத்த சகோதரி. அவருக்கு இருந்தது ஒரே மகன். நான் அண்ணா என்று அழைத்திருக்கவேண்டியவர். ஆனால் எனக்கு அவர் முகம் படத்தில் பார்த்த முகம்தான். முந்தைய வருடம் ஊரில் ஒரு பின்னேரம் பாண் வாங்கச் சைக்கிளில் போனவர், சந்தியில் ஆமியும் இயக்கமும் இரண்டு பக்கமும் நின்று சுட்டுக்கொண்ட நேரம் நடுவில் அகப்பட்டுவிட்டார். யாருடைய சூடு அவர்மேல் பட்டது என்பதற்கு ஆளுக்கொரு கதை. சூட்டுச் சத்தம் பெரியம்மாவின் குசினிவரை கேட்டிருக்கிறது. ஊரடங்கு என்பதால் அன்று இரவு முழுவதும் அயலவர்கள் பெரியம்மாவைப் படலைக்கு வெளியே இறங்கவிடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். விடிந்தபின் போய்ப் பார்த்தால், சைக்கிள் சந்தியில் கிடந்தது. அண்ணா அங்கே இல்லை. இரண்டு தோட்டம் தள்ளி, ஒரு புகையிலைத் தோட்டத்துக் கிணற்றடியில் கிடந்தார். சந்தியிலேயே உயிர் போய்விட்டது, யாரோ பாவம் பார்த்துத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே கிடத்தியிருக்கிறார்கள் என்று சொந்தக்காரர்கள் பெரியம்மாவுக்குச் சொன்னார்கள்.

பெரியம்மா கனடாவுக்குக் கொண்டுவந்தது ஒரு சின்னப் பெட்டியும் ஒரு கேள்வியும்தான். பிறம்ரனிலிருந்தும் மிசிசாகாவிலிருந்தும் துக்கம் விசாரிக்க யார் வந்தாலும், தேத்தண்ணி வைக்குமுன் அதைக் கேட்டுவிடுவார்.

"பிள்ளைக்கு நொந்திருக்குமோ?"

வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு, ஒண்டும் தெரிஞ்சிருக்காது அன்ரி, அந்த இடத்திலேயே முடிஞ்சிருக்கும் என்பார்கள். பெரியம்மா அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஓம் என்று ஒருபோதும் சொன்னதில்லை. சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் இதில் உண்மை சொல்லமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்தவர் வந்தால் மறுபடியும் கேட்பார். சாப்பாடு ஒரு பிடி, சில நாள் அதுவும் இல்லை. அக்கா கண்ணுக்கு முன்னால் கரைந்து போகிறாவே என்று அம்மா குளியலறைக்குள் போய் நின்று அழுவார்.

கடை ஒஷாவாவுக்குப் போகும் வழியில் இருந்தது. சுவரில் ஒரு மூஸின் தலை, கொம்பை விரித்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. கடைக்காரர் வெள்ளைத் தாடி வைத்த வயதான மனிதர். மேசையில் ஒரு பச்சைத் துணியை விரித்து மூன்று துவக்குகளைக் கொண்டுவந்து வைத்தார். அம்மா உடனே வேலையைத் தொடங்கிவிட்டார். இது கண்ணாடிக்குள் இருந்து எல்லோரும் கை வைத்தது, உள்ளே பெட்டி உடைக்காதது இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். இந்த மரத்தைவிட மற்றதன் மரம் மினுக்கமாக இருக்கிறது என்றார். எவ்வளவு குறைப்பார் என்று கேள் என்றார். நான் கேட்கக் கூடியதை மட்டும் கேட்டேன். அப்பா ஒவ்வொன்றாகத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்தார். சின்னது அவருக்குப் பிடித்துக்கொண்டது. பாரம் இல்லை, சுட்டால் தோளில் உதைக்கவும் மாட்டாது. அப்பா ஒல்லியான மனிதர்.

கடைக்காரர் தலையை ஆட்டினார். அது சின்ன மான்களுக்குச் சரி, மூஸுக்குச் சரிவராது, அந்த மிருகத்துக்கு நாங்கள் செய்யும் அநியாயம் என்றார். அப்பா யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, செம்மஞ்சள் நிற வேட்டை அங்கி போட்டுப் பார்க்கக் கடையின் பின்பக்கம் போனார். அம்மாவும் தம்பியை இழுத்துக்கொண்டு பின்னால் போனார். மேசையடியில் நானும் பெரியம்மாவும்தான் நின்றோம்.

பெரியம்மா வீட்டை விட்டு வெளியே வந்தால் வாயே திறக்காதவர். அன்று சேலைத் தலைப்பைப் பிடித்தபடி மேசைக்குக் கிட்ட வந்தார்.

"சின்னதாலை சுட்டால் என்ன நடக்குமெண்டு கேள், குஞ்சு."

நான் கேட்டேன். கடைக்காரருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். பெரிய ஆளுக்குச் சொல்வதுபோல ஆறுதலாக, விளக்கமாகச் சொன்னார். மேசையில் இரண்டு சன்னங்களை, துவக்கில் போடும் குண்டுகளை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வேட்டைக்கு உரிய சன்னத்தின் நுனி மென்மையான ஈயம், உள்ளே போனதும் விரிந்துவிடும், பெரிய துவக்கால் சரியான இடத்தில் சுட்டால் மூஸ் விழுந்துவிடும், நோவை அறிய நேரம் இராது. பெரியம்மா இரண்டையும் பார்த்தார். சண்டையில் சுடுவது இதில் எது என்று கேட்கச் சொன்னார். கூர்மையாக, முழுவதும் செம்பு மூடியிருந்த மற்றதைக் கடைக்காரர் தொட்டுக் காட்டினார். இதை நல்ல வேட்டைக்காரன் பாவிக்கமாட்டான், இது விரியாது, ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வந்துவிடும், மிருகம் விழாது, நடந்து போய்விடும் என்றார்.

நான் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். வீட்டில் எல்லோரும் என் தமிழைப் பகிடி பண்ணுகிற காலம் அது. ஆகவே மிகக் கவனமாகச் சொன்னேன்.

எவ்வளவு தூரம் நடக்கும் என்று கேட்டார் பெரியம்மா. அது பட்ட இடத்தைப் பொறுத்தது, கன தூரமும் போகும் என்றார் கடைக்காரர். எங்கே போகும்? தண்ணீரைத் தேடிப் போகும். இரத்தம் போனால் தாகம் எடுக்கும். காயம்பட்ட மிருகத்தைத் தேடுவதென்றால் முதலில் தண்ணீர்க் கரையில்தான் தேடவேண்டும். இருட்டுகிற நேரம் சுட்டிருந்தால் பின்னால் போகக்கூடாது, விடிந்தபிறகு போனால் அங்கேதான் கிடக்கும். சிலவேளை விடியும்வரைக்கும் உயிர் இருக்கும். அதற்காகத்தான் துவக்கைப் பார்த்துத் தெரிவுசெய்யவேண்டும், உன் அப்பாவுக்கு இதைச் சொல்லு என்றார்.

எனக்கு அந்த மூஸை நினைக்கப் பாவமாக இருந்தது. பெரியம்மாவுக்கும் அதுதான் பாவமாக இருக்கிறது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூடத் தொடாதவர் அவர்.

"தண்ணியைக் குடிக்குமோ எண்டு கேள்."

இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் குடிக்கத்தானே செய்யும் என்றார். நல்ல செய்தி கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"குடிக்குமாம் பெரியம்மா."

பெரியம்மா மேசையில் கிடந்த அந்தச் செம்புச் சன்னத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிருகமெண்டால் குனிஞ்சு குடிக்கும்," என்றார்.

அதை நான் கடைக்காரருக்கு மொழிபெயர்க்கவில்லை. அது கேள்வி இல்லையே. ஊரில் கிணற்றுத் தண்ணீர் ஆழத்தில் கிடக்கும் என்பதும், அதை எடுக்க வாளியும் கயிறும் தெம்பான இரண்டு கையும் வேண்டும் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டில் தண்ணீர் குழாயில் வந்தது.

அப்பா அங்கியோடு திரும்பி வந்து சின்னத் துவக்கை மறுபடி கையில் எடுத்தார். பெரியம்மா அப்பாவோடு நேரே பேசுவதே அபூர்வம்.

"தம்பி, உந்தச் சின்னதை விடுங்கோ. எடுக்கிறதெண்டால் பெரிசை எடுங்கோ. ஒரே வெடியிலை போகவேணும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்கலங்கி நின்றார். வந்து இத்தனை மாதத்தில் பெரியம்மா ஒரு வீட்டு விஷயத்தில் அபிப்பிராயம் சொன்னது அதுதான் முதல் தரம். பாரமும் உதையும் விலையும் அதற்குப் பிறகு யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அக்கா சொன்னால் சரி என்று அம்மா சொல்ல, அப்பா பெரிய துவக்கையே கட்டித்தரச் சொன்னார். அம்மா விலையைக் குறைக்கக் கேட்கவும் மறந்துவிட்டார்.

திரும்பி வரும்போது முன்னால் அப்பாவும் அம்மாவும் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். மூஸ் இறைச்சியைச் சரக்குப் போட்டு எப்படிக் காய்ச்சுவது என்பது பேச்சு. பின்னால் பெரியம்மா என் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"எப்பமட்டும் உயிர் இருக்குமெண்டு சொன்னவர்?"

"சிலநேரம் விடியுமட்டும் எண்டவர், பெரியம்மா."

அவர் என் தலையைத் தடவினார்.

"நீ வடிவாச் சொன்னனி, குஞ்சு."

என் தமிழை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் முறை. வீடு வரும்வரை நான் பூரித்துப்போய் இருந்தேன்.

அப்பா வேட்டைக்குப் போனார். குளிரில் விறைத்து, தடிமனோடு திரும்பி வந்தார். மூஸ் ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை. துவக்கை உடுப்பு அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஏனென்றால் வீட்டில் அதைவிட நல்ல காரியம் ஒன்று நடந்திருந்தது. கடைக்குப் போய்வந்த நாளிலிருந்து பெரியம்மா யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மிசிசாகாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த அங்கிள், கேட்காமலே, அண்ணாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, அந்த இடத்திலேயே முடிந்திருக்கும் என்று தொடங்கினார். பெரியம்மா அவர் சொல்லி முடிக்கும்வரை இருந்து, ஓம் தம்பி என்றார். பிறகு அவருக்கு வடைத் தட்டை நீட்டினார். அம்மா குசினிக்குள் ஓடி வந்து சுவாமிப் படத்துக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். அன்று இரவு தொலைபேசியில் எல்லோருக்கும், அக்கா தேறீட்டா, அவன் நோகாமல் போனவன் எண்டு இப்பதான் நம்புறா என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அது பொய் என்று அந்த வீட்டில் தெரிந்தவர் பெரியம்மா ஒருவர்தான். என் வாயால் கேட்டுத்தான் அவர் தெரிந்துகொண்டார். எனக்கோ அது தெரியாது. பெரியம்மாவுக்கு அந்தக் கடை நன்றாக ஒத்துக்கொண்டுவிட்டது, அதனால்தான் சுகம் வந்தது என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன். தோட்டா வாங்கப் போகும்போது பெரியம்மாவையும் இன்னொரு தரம் அங்கே கூட்டிக்கொண்டு போவோம் என்று அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.