மாம்பழ மணமுள்ள வீசிங்

வெளிநாட்டில், வெஸ்ட்மீட் என்ற பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் எனக்கு வேலை. காலையிலிருந்து மாலை வரை மனிதர்களை ஒரு பலகைக்கு முன்னால் நிறுத்தி, மூச்சை நன்றாக இழுங்கள், பிடித்துக்கொள்ளுங்கள், விடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லி அவர்களுடைய நுரையீரலைப் படம் பிடிப்பேன். சிகரெட் உள்ளே என்ன வேலை பார்த்திருக்கிறது என்பது அந்தப் படங்களில் தெளிவாகத் தெரியும். அதையெல்லாம் பார்த்துவிட்டு மதிய இடைவேளையில் சாலையைக் கடந்து, ஆஸ்பத்திரி எல்லைக்கு வெளியே ஒரு மரத்தடியில் நின்று, நானும் மூச்சை நன்றாக இழுத்து, பிடித்து, விடுவேன். கல்வி மனிதனைத் திருத்தும் என்று நம்புகிறவர்கள் அந்த மரத்தடிக்கு ஒரு முறையாவது வந்திருக்க வேண்டும். நர்ஸ்கள், மயக்க மருந்து டாக்டர் ஒருவர், நான் என்று நன்றாகப் படித்த கூட்டம் அது.

வீட்டில் இருக்கும்போது என் இடம் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு அருகில். அங்கே எனக்கு ஒரு கூட்டாளி இருந்தார். எதிர் வீட்டு அங்கிள். யாழ்ப்பாணத்துக்காரர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தான் புகை பிடிப்பது தன் மனைவி அன்ரிக்குத் தெரியாது என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால் நாளெல்லாம் குப்பை கொட்டிக்கொண்டே இருப்பார். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் இவ்வளவு குப்பை எங்கிருந்து வருகிறது என்று அன்ரி ஒரு நாளும் கேட்டதில்லை.

முதல் முறை அங்கே என்னைக் கண்டபோது அவர் சட்டென்று கையைப் பின்னால் மறைத்தார். பிறகுதான் என் விரலிடுக்கில் இருந்ததைக் கவனித்தார்.

"நான் ஒண்டும் காணேல்லை பிள்ளை," என்றார். "நீரும் ஒண்டும் காணேல்லை."

அத்துடன் ஒப்பந்தம் முடிந்தது. ஒரு தமிழ்ப் பெண் சிகரெட்டோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, அறிவுரை சொல்லாமல் தீப்பெட்டியை நீட்டிய தமிழர் அவர் ஒருவர்தான்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் அம்மாவுக்கு விசா கிடைத்தது. அப்பா போன பிறகு திருச்சியில் தனியாக இருந்தவளை, மூன்று மாதம் என்னோடு வந்து இரு என்று நான்தான் வற்புறுத்திக்கொண்டிருந்தேன். வருகிறேன் என்று அவள் சொன்ன அன்றுதான் என் சோபாவை முகர்ந்து பார்த்தேன். திரைச்சீலை, தலையணை, குளிர்கால கோட்டு எல்லாம் ஒரே வாசனை. சாம்பிராணி போட்டேன். சாம்பிராணி போட்டுக்கொண்டு யாரோ சிகரெட் பிடித்த வாசனை வந்தது.

எனவே சிகரெட்டை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். நுரையீரலுக்காக அல்ல, திரைச்சீலைக்காக. ஒரேயடியாக விட்டால் உடம்பு தாங்காது என்று எல்லோரும் சொல்வதால், படிப்படியாக வேப் என்னும் மின்சிகரெட்டுக்கு மாறுவது என்று திட்டம் போட்டேன். அந்தச் சமயம் வேப் எல்லாக் கடையிலும் இருந்தது, அதாவது பார்வைக்கு எந்தக் கடையிலும் இல்லை. குடையும் போன் உறையும் விற்கும் ஒரு கடையில் போய் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு நின்றால், கல்லாவில் இருப்பவர் கீழேயிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைப்பார். தர்ப்பூசணி, லிச்சி, திராட்சை, மாம்பழம். விஷத்தை வாங்கப் போய் ஜூஸ் கடையில் நிற்பது போல இருந்தது. ஊர்ப் பாசத்தில் மாம்பழத்தை எடுத்தேன். மஞ்சள் நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் சாதனம். வாயில் வைத்து இழுத்தால் அடியில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

படிப்படியாக மாறுவது என்பதை என் உடம்பு வேறு விதமாகப் புரிந்துகொண்டது. முதல் வாரம் வழக்கமான சிகரெட்டுகளும் இருந்தன, இடைப்பட்ட நேரத்துக்கு மாம்பழமும் சேர்ந்தது. முன்பெல்லாம் புகை பிடிக்க லிஃப்டில் இறங்கி, குளிரில் நின்று, மறுபடி ஏற வேண்டும். இப்போது படுக்கையிலிருந்து எழ வேண்டியதில்லை. இரண்டாவது வாரத்தில் நான் நகரத்திலேயே அதிகம் நிகோட்டின் ஏறிய பெண்ணாக இருந்திருப்பேன்.

சாதனத்தை அங்கிளிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உதென்ன, விசிலே?"

"வேப், அங்கிள். சிகரெட்டுக்குப் பதிலா."

"நெருப்பு இல்லாமல் என்னண்டு புகை வரும்?" ஒரு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "சீ! கலியாண வீட்டில ஜூஸ் குடிச்ச மாதிரிக் கிடக்கு. நீர் உதை வச்சிரும். எனக்குச் சரிவராது."

அம்மா வந்தாள். இரண்டு பெட்டி நிறைய பொடிகள், கூடவே அவளுடைய நீல இன்ஹேலர். அம்மாவுக்குப் பல வருடங்களாக வீசிங் உண்டு. ஹாலில் உட்கார்ந்து அப்பா நாற்பது வருடம் சிகரெட் பிடித்த வீட்டில் அது எப்படி வந்திருக்கும் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் ஆராய்ச்சி செய்ததில்லை. பனி என்று சொல்லிக்கொண்டோம். திருச்சியில் பனி.

வந்து நான்கைந்து நாள் ஆகியிருக்கும். குளியலறையில் ஒளிந்து இழுத்துவிட்டு வெளியே வந்தவள், சாதனத்தைக் கையிலேயே மறந்து வைத்திருந்தேன். அம்மா எதிரே நின்றாள்.

"என்னடி அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கும் வந்துடுச்சா? வீசிங்கா? ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு நல்ல பொய்யை வேறொருவர் தயாராகச் செய்து கையில் கொடுக்கும்போது மறுப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது. "லேசாத்தான்மா," என்றேன்.

அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். "இந்த ஊர்ல மருந்தக்கூட எவ்வளவு அழகா, வாசனையா குடுக்கறாங்க! எனக்கும் ஒருத்தன் குடுக்கறான், நீலக் கலர்ல, கசப்பா."

அன்றிலிருந்து நான் நோயாளி. தயிர் நின்றது. வாழைப்பழம் நின்றது. தலைக்குக் குளிக்க அனுமதி ஞாயிற்றுக்கிழமை மட்டும். தினமும் காலையில் தூதுவளைப் பொடி போட்ட ஏதோ ஒன்று பச்சையாக டம்ளரில் வந்தது. அம்மா எதிர் வீட்டு அன்ரியிடமும் சொல்ல, அங்கிருந்து மல்லித்தண்ணி வர ஆரம்பித்தது. வீசிங்குக்கு அவர்கள் பேச்சில் முட்டு என்று பெயர். "முட்டு வருத்தத்தை சும்மா விடக்கூடாது பிள்ளை," என்று அன்ரி வாசலில் நின்று நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றிலும் பெரிய வசதி, இனி ஒளிய வேண்டியதில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டே இழுத்தேன். மேகம் போல வருவது என்ன என்று ஒரு முறை கேட்டாள். மருந்தின் ஆவி என்றேன். நான் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டிருக்கையில் உள்ளேயிருந்து குரல் வரும்.

"மருந்து இழுத்தியா?"

"இழுத்துட்டேன்மா."

"இன்னொரு வாட்டி இழுத்துட்டுப் போ. வெளிய குளிரா இருக்கு."

பெற்ற தாய் நினைவுபடுத்தி, பக்கத்தில் நின்று இழுக்க வைக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வீட்டுக்குள்ளேயே அனுமதியோடு கிடைக்கும்போது கீழே போய் நிற்பானேன் என்று சிகரெட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. காலைக் காபிக்கு உரியது முதலில் போனது. பிறகு காரில் பிடிப்பது. பிறகு ஆஸ்பத்திரி மரத்தடி. கடைசியாக மிஞ்சியது மாலையில் அங்கிளோடு பிடிக்கும் ஒன்று. அதை விட மனம் வரவில்லை. அது சிகரெட்டுக்காக அல்ல என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"உமக்கு முட்டாமே!" அன்று அங்கிள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "மனிசி இரவு முழுக்க உம்மைப் பற்றித்தான் கவலை." பிறகு சாம்பலைத் தட்டிவிட்டு, கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, எனக்கும் முட்டு வந்தால் என்ன?"

இரண்டாவது மாதம் முடியும் தறுவாயில் ஒரு மதியம், வேலையில் இருக்கும்போது அன்ரி போன் செய்தார். "பதறாதையும். அம்மாவுக்கு இழுப்புக் கூடிப் போச்சு. ஒருக்கால் வாரும்."

நடந்தால் பத்து நிமிடம். நான் ஓடினேன். சாலையில் ஓடும்போது என் மூச்சு வாங்கிய விதத்தைப் பார்த்தவர்கள் எனக்கு உண்மையாகவே வீசிங் என்று சாட்சி சொல்லியிருப்பார்கள்.

கதவு திறந்திருந்தது. அம்மா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்து, முகமெல்லாம் வேர்வை. அன்ரி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அங்கிள் கதவோரம் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீப்பாயில் சார்ஜில் கிடந்த, நான் மாற்றுக்கு வாங்கி வைத்திருந்த இன்னொரு மாம்பழ வேப், வயர் பிடுங்கப்பட்டு, விளக்கு அணைந்து கிடந்தது.

அம்மாவின் நீல இன்ஹேலர் தீர்ந்துபோயிருக்கிறது. புதிதாக வாங்கிக் கொடுப்பதாக நான் சொல்லி மறந்திருந்தேன். மூச்சு அடைத்தபோது மகளுடைய மருந்து இருக்கிறதே என்று எடுத்து, ஒன்றுக்கு இரண்டாக நன்றாக இழுத்திருக்கிறாள். இருமலில் நிற்க முடியாமல் எதிர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். நல்ல வேளையாக அன்ரியிடம் அதே நீல இன்ஹேலர் ஒன்று இருந்தது.

என் கைப்பையில் இருக்கும் பொய்கள் எதுவும் அப்போது வேலை செய்யவில்லை. தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, அது மருந்து இல்லம்மா. சிகரெட் மாதிரி."

"மாதிரின்னா?"

"சிகரெட்ட விடறதுக்காக."

"விடறதுன்னா, பிடிச்சியா?"

"ஆமா."

அம்மா என்னைப் பார்த்தாள். கோபத்தை எதிர்பார்த்திருந்தேன். அதற்கு நான் பதில் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவள் மிகவும் மெதுவாக, இருமலுக்கு நடுவே, "நான் தினம் ஞாபகப்படுத்துனேனேடி," என்றாள்.

டீப்பாயில் கிடந்த மாம்பழத்தை எடுத்து என் பைக்குள் திணித்தேன்.

அன்ரி பெருமூச்சு விட்டார். "விடுங்கோ அக்கா. என்ர வீட்டிலயும் ஒராள் குப்பை கொட்டப் போறார். இருபது வருசமாக் கொட்டுறார். எனக்குத் தெரியாதெண்டு நினைப்பு." அங்கிள் சுவரை இன்னும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

மூன்று நாள் அம்மா பேசவில்லை. சமைத்தாள், துணி மடித்தாள், என் அறைக்குள் வராமல் மடித்த துணியை வாசலில் வைத்தாள். நான்காம் நாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

"உங்கப்பாவோட ஆஷ்ட்ரேய நான்தான் தினம் கழுவினேன். அவரு யாருகிட்டயும் வீசிங்னு பொய் சொல்லல."

"அவருக்குத் தேவை இல்லம்மா. அவரு ஹால்லயே உக்காந்து பிடிச்சாரு. உன்னைத்தான் தீப்பெட்டி எடுத்துட்டு வரச் சொல்வாரு."

கத்தி நின்றது. சண்டை வரும் என்று நினைத்தேன். அம்மா காம்பை ஒதுக்கிவிட்டு மறுபடி நறுக்கினாள். "அதுவும் சரிதான்," என்றாள். கொஞ்சம் கழித்து, "ரெண்டு பேரும் சேந்து என்னைத்தான் இரும வச்சீங்க."

அப்புறம் ஒரு சட்டம் போட்டாள். பால்கனியில் மட்டும், கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு. நான் வெளியே நின்று இழுக்கும்போது உள்ளேயிருந்து அவள் பார்ப்பாள். முன்பு மருந்து இழுத்தபோது இருந்த வாஞ்சை அந்தப் பார்வையில் இல்லை. மாம்பழமும் அவ்வளவு இனிக்கவில்லை. ஆனாலும் சிகரெட்டுக்குத் திரும்பவில்லை. மாலையில் கீழே போய் அங்கிளோடு நிற்பேன், அவர் பிடிப்பார், நான் சும்மா நிற்பேன். அன்ரி எல்லாவற்றையும் போட்டு உடைத்த பிறகும் அவர் கையில் ஒரு குப்பைப் பையோடுதான் வந்தார்.

அம்மா ஊருக்குப் போன பிறகு இங்கே அரசாங்கம் சட்டத்தை மாற்றியது. குடைக் கடை டப்பாக்கள் சட்டப்படி ஒழிந்தன. நடைமுறையில் அவை இன்னொரு அலமாரிக்குக் கீழே போனதாகக் கேள்வி. நான் சட்டத்தை மதிக்கும் குடிமகளாக மருந்துக் கடைக்குப் போனேன். என் பொய்யை அரசாங்கமே உண்மையாக்கி வைத்திருந்தது. வேப் இப்போது மருந்துக் கடையில்தான். மருந்தாளர் பெண் வயதைச் சரிபார்க்க என் டிரைவிங் லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். வெள்ளை டப்பா, எந்தப் படமும் இல்லை. மாம்பழம் உண்டா என்று கேட்டேன். புதினா அல்லது புகையிலை என்றார். புகையிலையை விடுவதற்காகப் புகையிலைச் சுவையை வாங்கும் அளவுக்கு எனக்குத் தத்துவம் போதாது. புதினாவை எடுத்தேன். பல் தேய்த்துக்கொண்டே வாழ்வது போல இருந்தது.

நிகோட்டின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார் அந்தப் பெண். போன மாதம் போனபோது, மிகவும் நன்றாகச் செய்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டு, இனி வேப்பையும் விடலாமே என்றார்.

"எப்படி விடுவது?" என்று கேட்டேன்.

"படிப்படியாகத்தான்," என்று சொல்லி, மெல்லுவதற்கு நிகோட்டின் சூயிங்கம் ஒரு பெட்டி எடுத்து மேஜையில் வைத்தார்.

வாங்கிக்கொண்டேன். இப்போது வேப்பும் இருக்கிறது, கம்மும் இருக்கிறது. நேற்று வீடியோ அழைப்பில் நான் மென்றுகொண்டிருந்ததை அம்மா பார்த்துவிட்டாள். என்னடி மெல்லற என்று கேட்டாள். இந்த முறை முழுவதையும் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரி," என்றாள். "துப்பறப்ப பேப்பர்ல சுருட்டிப் போடு."