சூப்பில் விழுந்த ஈர்க்கு

பிள்ளைகளே, பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பாவின் தொழில் 'இசைக்கலைஞர்' என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கோ. அந்தப் பேர் வருமுன் நான் ஆடிய கூத்தையும் தெரிந்துகொள்ளுங்கோ.

1. பைலா மட்டும்

கலியாண வீட்டில் ஆக்களை எழுப்பி ஆடவைக்கும் பைலாப் பாட்டுக்கு டிரம்ஸ் அடிக்க மட்டும்தான் எனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் மாமா ஆடி ஆடிக் கதிரையோடு விழும்வரைக்கும் அடிப்பேன். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. தவக்காலத்தில் வேதக்காரரும் செய்யமாட்டார்கள். அந்த மாதங்களில் என் டிரம்ஸுக்கு மேல் உங்கள் அம்மா உடுப்புக் காயப்போட்டா.

2. பொய்

கீபோட் வாசிக்கும் அன்ரன் அண்ணை என்னை உப்புவெளியில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைக்காரர் சாப்பிடும்போது மெல்லிசாக வாசிக்க ஆள் தேவை. ஒரு பின்னேரம் வாசித்துக் காட்டவேணும்; ஹோட்டல்காரருக்குப் பிடித்தால் வருசம் முழுக்க வேலை. பிரஷில் வாசிப்பீர்களோ என்று மனேச்சர் கேட்டார். பிரஷ் என்றால் தடிக்குப் பதிலாக மெல்லிய கம்பிக் கட்டு. நான் அதைப் போனில்தான் பார்த்திருந்தேன். ஓம் என்றேன்.

டவுனில் ஒரு கடையிலும் பிரஷ் கிடைக்கவில்லை. விளக்குமாற்றில் ஈர்க்கு உருவி, டேப் சுற்றி, இரண்டு கட்டுச் செய்தேன்.

"அப்ப முத்தம் கூட்டுறது உங்கட டிரம்ஸ் தடியாலயோ?" என்று அம்மா கேட்டா.

3. சூப்

முதல் பாட்டில் ஒருமாதிரித் தப்பிவிட்டேன். இரண்டாவதில் ஒரு கிழவர் கரண்டியால் மேசையில் தாளம் போட்டார். அவ்வளவுதான், என் கை பைலாவுக்கு ஓடிவிட்டது. ஈர்க்கு முறிந்து பறந்து அவருடைய சூப்புக்குள் விழுந்தது. மனுசன் அதை மீன் முள்ளென்று நினைத்து, எடுத்துக் கோப்பையின் ஓரத்தில் வைத்துவிட்டுக் குடித்தார். அன்ரன் அண்ணை என்னைத் தெரியாத ஆள் மாதிரிக் கடலைப் பார்த்தார்.

இடைவேளையில் மனேச்சர் வந்தார். வேலை போய்விட்டதென்றே நினைத்தேன்.

"பிரஷ் வாசிக்கத் தெரியாது சேர். பொய் சொன்னனான்."

"அது முதல் பாட்டிலயே தெரிஞ்சது. ஆக்கள் கதைக்கிறது கேக்கோணும். உங்களால மெல்ல வாசிக்க ஏலுமோ?"

"இண்டைக்கு ஏலாது. ஒரு மாசம் தாங்கோ, பழகிறன்."

"ஒரு கிழமை," என்றார்.

அந்த ஏழு நாளும் தலையணை ஒன்றில் மெல்ல அடித்துப் பழகி, அதைப் பஞ்சாக்கினேன். வேலை கிடைத்தது. பிறகு கோயில் பஜனை, பூசைப் பாட்டு, பள்ளிக்கூட பாண்ட் எல்லாவற்றுக்கும் 'தெரியாது, பழகிறன்' என்று சொல்லித்தான் உள்ளே போனேன். தெரியும் என்று சொன்னால் ஒருவரும் காட்டித்தர மாட்டார்கள், பிள்ளைகளே.

சூப்புக்கு அடுத்த நாள் காலமை, வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம், 'எல்லா வாசிப்பும் செய்யப்படும்' என்று அடித்து வைத்திருந்த விசிட்டிங் காட்டுகளை எடுத்தேன். நீலப் பேனையால் ஒவ்வொன்றிலும் 'எல்லா' என்பதை வெட்டினேன்.